எல்லம்மாவின் சாட்சி

காக்ஸ் டவுனில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் எல்லம்மா, எதிர்வீட்டு டீச்சரைக் கொன்றுவிட்டு ஓடியவனின் முதுகைத்தான் பார்த்திருந்தாள். போலீஸ் கேட்கக் கேட்க, அந்த முதுகுக்குப் பிளம்பர் அப்பாதுரையின் முகம் வந்துவிட்டது. 1996-இல் கோர்ட்டில் அவனை அடையாளம் காட்டினாள். வேறு சாட்சியை யாரும் தேடவில்லை. மூன்றாம் வருஷம் அப்பாதுரை ஜெயிலிலேயே காய்ச்சலில் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் எல்லம்மாவின் வண்டியருகே வந்து நின்றான். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல் முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தான். அதன்பின் தினமும் வந்தான். வேறு யார் கண்ணிலும் படவில்லை.

எல்லம்மா ஸ்டேஷனுக்குப் போய், அன்று முகத்தைப் பார்க்கவேயில்லை என்று அழுதாள். "கேஸ் முடிஞ்சுபோச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு அப்பாதுரையின் மனைவி சகாயமேரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்தாள். சகாயமேரி, "இளைச்சிருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து அவளும் எட்டு மணிக்கு வந்தாள். எல்லம்மா சொன்ன இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்; வேலைக்கு நேரமானதும் போய்விடுவாள்.

ஜூன் மாதம் அவன் வருவது நின்றுபோனது.

"வந்துட்டாராக்கா?" என்று கேட்டாள் சகாயமேரி.

எல்லம்மா காலியாகக் கிடந்த நடைபாதையைப் பார்த்தாள்.

"வந்துட்டாரும்மா. உன்னத்தான் பாக்கறாரு."