உப்பு பார்த்தல்

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அந்த வீட்டில் ஒருநாளும் கறி சமைத்ததில்லை. சேஷாத்ரியைக் கட்டிக்கொண்டபோதே ரெஜினா கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அதற்குப்பின் வேண்டுமென்று கேட்டதும் இல்லை. இப்போது ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாக அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எலும்பு சூப் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். சேஷாத்ரி மூச்சை அடக்கிக்கொண்டு ஆட்டு நெஞ்செலும்பை ஏழாவது தடவையாகக் கழுவினார். "போதுங்க, சத்தெல்லாம் போயிடும்" என்றாள் ரெஜினா, கட்டிலில் இருந்தபடியே. அவள் சொல்லச் சொல்ல மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் எல்லாம் போட்டுக் குக்கரை மூடினார். ஆறு விசில் வரும்வரை சுவரில் சாய்ந்து நின்றார். ஆஸ்பத்திரி அலைச்சலில் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. முதல் ஸ்பூனை விழுங்கிவிட்டு ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உப்பு பாத்தீங்களா?"

"நான் எப்படிப் பாப்பேன், ரெஜி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கிண்ணத்தைக் கையில் வைத்தபடி அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதே ஸ்பூனால் கொஞ்சம் எடுத்துக் குடித்தார்.

"பத்தல" என்றார். "ரொம்பவே பத்தல." உப்பு ஜாடியை எடுத்துவர மெதுவாக எழுந்தார்.