ரெண்டு கையும் தெரியணும்

கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட கார்டுகள் அடங்கிய சீல் வைத்த பெட்டிகளை ஆன்லைன் லைவில் பிரிப்பது சிட்லபாக்கம் முகிலனின் தொழில். லைவைப் பார்ப்பவர்கள் ஆளுக்கொரு டீமை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அந்த டீமின் கார்டு எது வந்தாலும் அவர்களுக்கே. அதனால் பிரிக்கிறவனின் இரண்டு கையும் கேமராவை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கார்டை மாற்றிவிட்டான் என்பார்கள். அப்புறம் கடையை மூட வேண்டியதுதான்.

அன்று பாதிப் பெட்டி பிரித்திருந்தபோது, மேஜைக்கடியில் ஒருமுறை குனிந்து பார்த்தான். அதிலிருந்து கை நடுங்க ஆரம்பித்தது.

"இன்னா தலைவா, கை உதறுது?" என்று ஒரு டீமை வாங்கியிருந்த அஸ்தினாபுரம் மகேஷ் கமெண்ட் போட்டார்.

"குளிருண்ணா," என்றான், உதடு அசையாமல்.

"குளிர்ல வேர்க்குமா?" இது இன்னொரு டீமை வாங்கிய கீதா.

"கீழ இன்னாத்த ஒளிச்சு வச்சுகினு கீற? எந்திரி, பாப்போம்!" மகேஷ் விடவில்லை.

"எந்திரிக்க முடியாதுண்ணா..."

"மாட்டிக்கினான்டா! கேமராவைக் கீழ திருப்பு!" என்று கமெண்ட்டுகள் குவிந்தன.

முகிலன் ஒரே விரலால் கேமரா ஸ்டாண்டை மெல்லக் கீழே சாய்த்தான்.

பக்கத்து ஏரியிலிருந்து வந்த நல்ல பாம்பு ஒன்று, அவன் வலது பாதத்தின் மேல் சாவகாசமாகச் சுருண்டிருந்தது.

உடனே மகேஷிடமிருந்து கமெண்ட் வந்தது.

"சாரி தலைவா, அசையாத இரு. ஆனா ஒரு டவுட்டு. கேமரா கீழ வந்த நேரத்துல, மேல உன் கை இன்னா பண்ணிச்சு?"