தூக்க வேண்டியது ஜீப்பை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் வாருங்கள். கண்டிப் பக்கத்துத் தெல்தோட்டையில் ஒரு ஜீப் உயரமான கதை இருக்கிறது. கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டி பஸ்ஸிலிருந்து முதலில் ஊன்றுகோலை இறக்கி, பிறகு தானும் இறங்கினார் ஞானேஸ்வரி டீச்சர்.

கடைவீதியில் தோட்டத்து மனுவேலின் ஜீப் காத்து நின்றது. பழைய ஜீப்தான். ஆனால் சேற்றில் கால் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப்போல் நின்றது.

டீச்சர் கண்டி மஹய்யாவைக்காரர். சிறுவயதிலேயே இளம்பிள்ளைவாதம் ஒரு காலை எடுத்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவை அங்கே மேற்கணக்கு என்பார்கள். அந்த மேற்கணக்கில் பிள்ளைகளுக்குக் கணக்குத்தான் வராது. சாதாரணதரப் பரீட்சையில் அந்தப் பாடத்தில் சித்தியடைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. கேட்டவுடன் வந்து சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தவர் டீச்சர் ஒருவர்தான்.

முதல் வகுப்பன்றே வழியிலிருந்த பாறையில் ஜீப்பின் வயிறு குந்திக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. தகப்பன்மார் இருவர் டீச்சரை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து சனம் கைதட்டியது.

பகல் முழுவதும் சிரித்த முகத்தோடு பாடம் நடத்திய டீச்சர், இறங்கும்போது சொன்னார்: “பிள்ளைகளுக்காக எங்க வேணும்னாலும் வருவேன், மனுவேல். ஆனா என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்னா, இனிமே வர மாட்டேன்.”

மனுவேல் ஊராரைக் கூட்டினார். “டீச்சரைத் தூக்கக் கூடாதுன்னா, ஜீப்பைத் தூக்கிடுவோம்.”

எல்லோரும் போட்ட காசைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு புது ஸ்பிரிங்குக்கும் காணாது. கம்பளை மெக்கானிக் ஷிராஸ் ஜீப்புக்கு அடியில் நுழைந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“மனுவேல் அண்ணே, புதுசா ஒண்ணும் வாங்க வேணாம். ஸ்பிரிங்கு அச்சுக்குக் கீழ தொங்குது. அத அச்சுக்கு மேல வச்சுக் கட்டினா வண்டி தானா எழும்பும். எடம் மாறி உக்கார்றதுக்கு யாருக்குக் காசு?”

வெல்டிங் கூலிக்குக் காசுக்குப் பதில் விறகு. பிரேக் குழாய் எட்டாமல் போக, உடைந்த லொறி ஒன்றிலிருந்து நீளமான குழாய் வந்தது.

‘ஜீப்ப தூக்கியாச்சு’ என்று கம்பளையிலிருந்து மனுவேல் சொல்லியனுப்பினார். லயத்துக்கு வருவதற்குள் அது ‘ஜீப்ப தூக்கிட்டாங்க’ ஆகிவிட்டது. கொழுந்து பறிக்கும் இரத்தினம்மா பொழுது சாயும்வரை பொலிஸைத் திட்டித் தீர்த்தார். ஜீப் முழுசாகத் திரும்பி வந்ததும், மிச்சமிருந்த வசவையெல்லாம் மனுவேலுக்குக் கொடுத்தார்.

அந்த ஜீப்புக்கு முன்னால்தான் இப்போது டீச்சர் நின்றார்.

ஏறும் படி அவர் இடுப்பளவில் இருந்தது.

மனுவேலின் சிரிப்பு மெதுவாக அணைந்தது. பாறையை யோசித்தார், சக்கரத்தை யோசித்தார். டீச்சரின் காலை யோசிக்கவில்லை. கூட வந்த தகப்பன்மார் கையை நீட்டப் போய், சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கண்டிக்குத் திரும்புகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

டீச்சர் அந்த பஸ்ஸைப் பார்த்தார். பிறகு கடை வரிசையைப் பார்த்தார். தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே உயர எழுப்பிய தளத்தில் நஸீமின் பலசரக்குக் கடை. பக்கவாட்டில் சின்னச் சின்னப் படிகள்.

“நஸீம் நானா, உங்க கடைக்குள்ளால கொஞ்சம் நடந்து போகவா?”

“நடங்க டீச்சர். வெங்காயத்த மிதிச்சா மட்டும் கிலோவா வாங்கிப் போகணும்.”

மனுவேல் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துக் கடையோடு ஒட்டி நிறுத்தினார். பின்கதவைத் திறந்தால் இரண்டு தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். மூட்டைகளுக்கு நடுவே நடந்து, டீச்சர் தன் பாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் கண்டிக்குப் போனது.

பாறை வந்தது. ஜீப்பில் எல்லோரும் அடியில் உரசும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார்கள். சத்தம் வரவே இல்லை. மனுவேல் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ரெண்டு கையாலயும் பிடிங்க!” என்று அதட்டினார் டீச்சர்.

ஏறியாயிற்று. எப்படி இறங்குவது? பள்ளிக்கூடத்து வாசலில் கடை ஏது?

வளைவில் இரத்தினம்மா கையை விரித்துக்கொண்டு வழியை மறித்தார். “பள்ளிக்கூடத்துக்குப் போகாத. மடுவத்துக்கு விடு! நேத்தே அந்தப் படியப் பாத்துட்டேன். ஒங்களுக்கு வண்டி வயிறு மட்டுந்தானே கண்ணுக்குத் தெரியும்!”

மடுவம் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. லொறியில் மூட்டை ஏற்றுவதற்காக அங்கே உயர்ந்த மேடை உண்டு. ஞாயிறென்றால் வெறுமையாகக் கிடக்கும். அன்று பிள்ளைகள் உட்காரும் வாங்குகளும் கரும்பலகையும் வந்து சேர்ந்திருந்தன.

டீச்சர் ஜீப்பிலிருந்து நேரே மேடையில் கால் வைத்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தார் டீச்சர்.

மேலே கொழுந்துத் தராசு தொங்கியது. அதன் வட்ட முகம் எந்தக் காலத்திலும் நிறையை எழுதும் கணக்கப்பிள்ளையின் மேசைப் பக்கம்தான். பறித்தவர்கள் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இரத்தினம்மா பள்ளிப் பிள்ளையைப்போல் கையை உயர்த்தினார்.

“டீச்சர், பாடத்துக்கு முந்தி அத எங்க பக்கம் திருப்புறீங்களா? முள்ளு எங்க நின்னா எத்தன கிலோன்னு நாங்களும் படிச்சிக்கிறோம்.”

டீச்சர் ஊன்றுகோலை உயர்த்தி, அதன் நுனியால் தராசை மெல்லத் திருப்பினார்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசல் எந்தக் காலுக்கும் உயரமாகாதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களின் உழைப்பை நிறுக்கிற தராசெல்லாம் அவர்களுக்கு முகம் காட்டி நிற்கட்டும்.