பாம்புத்தாராவின் அலகில்

தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் நெளிந்தது. பாம்பு என்றுதான் திலகவதி முதலில் நினைத்தாள்.

அலகைப் பார்த்ததும்தான் பறவை என்று தெரிந்தது. பாம்புத்தாரா. மீன் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

அறந்தாங்கிக்கு மேற்கே இருக்கும் இந்தக் கண்மாயில் மீன் வளர்க்கலாம் என்று மகளிர் குழுவைக் கிளப்பிவிட்டதே அவள்தான். எல்லாரும் சேர்ந்து ரோகுக் குஞ்சு விட்டார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து வழிந்து, உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கில் கட்டியிருந்த வலை கிழிந்தது. குஞ்செல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது என்று ஊரே சொன்னது.

அதன் பிறகு வீசுவலையில் சேறும் ஒன்றிரண்டு ஜிலேபிக் கெண்டையும்தான் வந்தன. காட்டு வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. அவை வாலைத் தூக்கிக்கொண்டு பாசியை மேய்ந்துவிட்டுப் போயின.

இன்று சாயங்காலம் குழுக் கூட்டம். விட்ட மீன் இல்லை என்று அவள் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

கழுத்து உள்ளே போனது.

நீர்க்காகம் என்றால் எழுந்த வேகத்தில் விழுங்கிவிடும், என்ன மீன் என்று பார்க்கவும் விடாது. இதற்கு அந்த வசதி கிடையாது. ஊசி அலகால் குத்திப் பிடித்த மீனை உதறி, மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக வாங்கித்தான் விழுங்க வேண்டும்.

வெகுநேரமாகக் காணோம். எங்கே போய்த் தொலைந்தது என்று திலகவதி அதைத் திட்டினாள்.

அக்கரையோரம் எழுந்தது. அலகில் மீன். அதன் முதுகு முள் விறைத்து நின்றது. ஜிலேபி. அது எந்தக் குட்டையிலும் கிடக்கும். திலகவதிக்கு அழுகை முட்டியது.

பறவைக்கென்ன, விழுங்கிவிட்டு மறுபடி மூழ்கியது.

இந்தத் தடவை அவளுக்கு முன்னாலேயே எழுந்தது. ஒரு சாண் மீன். உதறி மேலே போட்டபோது சிவந்த துடுப்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

ரோகு. அவர்கள் விட்ட ரோகு.

குழுத் தலைவி மூக்காயிக்குப் போன் அடித்தாள். பேச்சு வரவில்லை, விசும்பல்தான் வந்தது.

"அழுவாத திலகா. போனது போகட்டும், கூட்டத்துல நான் பேசிக்கிறேன்," என்றாள் மூக்காயி.

"அதில்லக்கா. நம்ம மீனத் திங்கிது. அங்கிட்டு இன்னும் ரெண்டு எறங்குது. நல்லாத் திங்கட்டும்."