தாடையின் கனம்

கப்பலில் வந்திறங்கிய குதிரை செம்பன், பந்தயத்தில் ஓடிய காலம்வரை தோற்றதே இல்லை. அது ஓய்ந்து லாயத்தோடு தங்கிவிட்ட பிறகு அதன் குட்டிகள் ஊர் ஊராக ஓடி ஜெயித்தன. கடைசி வருடங்களில் செம்பனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனாலும் எந்தக் குட்டியை விற்றாலும், வண்டியேற்றுமுன் அதைக் கொண்டுபோய் செம்பன் முன்னால் நிறுத்துவார் லாயக்காரர் மஸ்தான். செம்பன் மோந்து பார்க்கும். பிறகு தன் கனத்த தாடையைக் குட்டியின் முதுகில் வைக்கும். ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் எடுக்கும். அதுவரை துள்ளிய குட்டி அதற்குள் அடங்கியிருக்கும். அப்படி நின்று போன குட்டிகள்தான் ஜெயித்தன என்பார் மஸ்தான். லாயத்து முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும்.

கடைசிக் குட்டிக்கு வண்டி வந்த காலையில் செம்பனின் கொட்டடி காலியாக இருந்தது. முந்தின நாள்தான் புதைத்திருந்தார்கள். குட்டி யாருக்கும் அடங்காமல் உதைத்தது. கயிற்றை இறுக்கப் போன வண்டிக்காரனை மஸ்தான் தடுத்தார்.

"இருப்பா, அவங்கப்பன்கிட்ட சொல்லிட்டு வரட்டும்."

"அதான் நேத்தே போயிடுச்சே, பாய்?"

மஸ்தான் குட்டியைக் கொட்டடிக்குள் நடத்திப் போனார். வைக்கோலில் செம்பன் படுத்திருந்த பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது. தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குனிந்து, நரைத்த தாடியோடு தன் தாடையை அந்தச் சிவந்த முதுகில் வைத்தார்.

வெளியே வண்டிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். குட்டி எப்போதோ அடங்கிவிட்டது. மஸ்தானுக்குத்தான் அந்தப் பெருமூச்சு இன்னும் வரவில்லை.