பகடை மேஜைப் பேச்சு

“விளையாட வரலை. இந்த மேஜைப் பேச்சு மட்டும் கத்துக்கணும்,” என்று பந்தயம் வைக்கக் கொடுத்த பயிற்சிச் சில்லுகளைத் திருப்பித் தள்ளிவிட்டாள் வெர்னா. கறுப்புக் கவுன், காலை மூடிய ஷூ, கையில் ஒரு பச்சை நோட்டு. லாஸ் வேகஸ் வெயிலுக்கு இப்படி உடுத்திக்கொண்டு யாரும் கேசினோவுக்கு வருவதில்லை.

பகடையாட்டம் கற்றுத்தரும் காலை பதினொரு மணி இலவச வகுப்பு அது. மேஜையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் ஆர்லோ நீளக் கோலால் பகடையை இழுத்து இழுத்துப் பாடம் நடத்துவான். அன்றைக்கு வந்தது ரெண்டே பேர், வெர்னாவும் ஓஹையோவிலிருந்து வந்த லாரி டிரைவர் பர்ட்டும்.

“காசு வைக்காம பேச்சு மட்டும் எதுக்கு மேடம்?” என்றான் ஆர்லோ.

“என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் இந்த மாதிரி மேஜையே கதின்னு கிடந்தார். அவர் என்ன சொன்னார்னு எனக்குப் புரியணும். ரெண்டு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும், அதுக்குள்ள புரியணும்.”

பர்ட் வயிறு குலுங்கச் சிரித்தான். “நல்லா இருக்கே! புருஷன் சொன்னது எந்தப் பொண்டாட்டிக்குப் புரிஞ்சிருக்கு?”

வெர்னா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நோட்டைப் பிரித்தாள்.

“பாம்புக் கண்ணு?”

“ரெண்டு பகடையிலும் ஒண்ணு ஒண்ணு. மொத்தம் ரெண்டு.”

“குட்டி ஜோ?”

“நாலு.”

“கூட்ஸ் வண்டி?”

“ஆறும் ஆறும் பன்னெண்டு. மேடம், ஜெயிச்சா எவ்வளவுன்னு கேக்கவே மாட்டேங்கறீங்களே?”

“வேண்டாம். யோ?”

“பதினொண்ணு.”

“சரி. ஏழுக்கு என்ன…”

பர்ட் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டான். ஆர்லோ கோலைக் கீழே வைத்தான். “ஐயோ, அந்த நம்பரை மட்டும் மேஜைகிட்ட நின்னு சொல்லாதீங்க. சொன்னா விழும், விழுந்தா எல்லார் பந்தயமும் போச்சு. ‘பெரிய சிவப்பு’ன்னு சொல்லுங்க.”

“ஓ, அதானா?” என்றாள் வெர்னா. “எங்க பையனுக்கு ஆறு முடிஞ்சதும் ‘சிவப்பு வயசு’ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சார். கேக்குல எழுதக்கூட விடலை. உனக்கென்ன பைத்தியமான்னு திட்டினேன்.”

எழுதிக்கொண்டிருந்தவளின் நோட்டை ஆர்லோ எட்டிப் பார்த்தான். ‘ஞாயிறு காலை 6.10, குட்டி ஜோ. 6.40, யோ. 9.15, மறுபடியும் குட்டி ஜோ, ரெண்டு தடவை.’ பக்கம் பக்கமாக அப்படியே போயிற்று.

அவனுக்குச் சுருக்கென்றது. மணி போட்டு இப்படிக் குறித்து வைப்பவர்கள் கேசினோவைத் தோற்கடிக்க வழி தேடுகிறவர்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். “உங்க வீட்டுக்காரர் ஏதாவது கணக்குப் போட்டு ஆடுறவரா மேடம்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“அதைத்தான் தெரிஞ்சுக்க வந்தேன். எல்லாமே வெறும் நம்பர்தானா? பசிக்குது, வலிக்குதுன்னு இதுல ஒண்ணுமே இல்லையா?”

“வலியெல்லாம் மேஜையை விட்டு வெளியே போனாத்தான் தெரியும்,” என்றான் பர்ட்.

ஆர்லோ உதட்டைப் பிதுக்கினான். “வெறும் நம்பர்தான் மேடம். வேற அர்த்தம் கிடையாது.”

வெர்னா தலையை ஆட்டிக்கொண்டாள். நோட்டில் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அதில் நேரம் மட்டும் எழுதியிருந்தது, எதிரே வார்த்தை இல்லை.

“கடைசியா ஒண்ணு. இது பேச்சு இல்லை.” பேனாவை வைத்துவிட்டு, ரெண்டு கையையும் மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள். விரல்களை அகல விரித்து உள்ளங்கையைக் காட்டினாள், புறங்கையைக் காட்டினாள். “இதுக்கு எவ்வளவு?”

ஆர்லோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பந்தயமே இல்ல! வேலை முடிஞ்சு மேஜையை விட்டுப் போகும்போது நாங்க செய்யறது. ‘நான் கிளம்பறேன், கையில ஒண்ணும் எடுத்துட்டுப் போகலை’ன்னு மேல கேமராவுக்குக் காட்டணும். பழகிப்போய், வீட்ல சாப்பிட்டு எந்திரிச்சாக்கூடக் கை தானா அப்படிப் போகுது. என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கறா.”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். “டீலருங்க மட்டும்தானே இதைச் செய்வோம்? அப்போ உங்க வீட்டுக்காரர் ஆட வந்தவர் இல்லையா?”

“உங்க மாதிரிதான், கோல் பிடிச்சார். பக்கவாதத்துல மத்த பேச்செல்லாம் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்த ஒம்பது நாளும் இந்த வார்த்தைங்கதான் வாயில வந்துச்சு.”

‘புதன் காலை 8.20’ என்ற வரிக்கு எதிரே ‘கிளம்பறேன்’ என்று நிதானமாக எழுதினாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

“ரெண்டு மணிக்கு அடக்கம்,” என்றாள்.

பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “புதன்கிழமை அவர் கையைக் காட்டினப்போ நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க மேடம்?” என்று கேட்டான் ஆர்லோ.

“தண்ணி கேக்குறார்னு நினைச்சு, எடுத்துட்டு வரப் போயிட்டேன்.”