அண்ணாந்து பார்த்தவள்

குளியலறை ஷவருக்குத் தன்னைப் பற்றி ஒரே பெருமை.

"தேன்மொழி உள்ளே வந்ததும் என்னைத்தான் அண்ணாந்து பார்க்கிறா. சோப்பு போடும்போதும் பார்க்கிறா. உன்னை யாரு பார்க்கிறா?" என்று வாளியில் மிதந்த பிளாஸ்டிக் மக்கைச் சீண்டும்.

போர் தண்ணீரின் உப்பு படிந்து ஷவரின் ஓட்டைகளெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. தேன்மொழி ஊசியால் குத்திப் பார்த்தாள், வினிகரில் ஊறவைத்தும் பார்த்தாள். ஒரு ஓட்டை மட்டும் திறந்தது. அதுவும் கதவில் தொங்கிய துண்டைத்தான் நனைத்தது. கடைசியில் அவள் தினமும் மக்கால் மொண்டு ஊற்றித்தான் குளித்து முடித்தாள். அதை ஷவரிடம் சொல்ல மக்குக்கு மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி ஷவரைத் திருகிக் கழற்றினாள். குழாயின் மரையைத் துடைத்து, வெள்ளை டேப் சுற்றிப் புதியதை மாட்டினாள். பழைய ஷவரையும் வாளியிலிருந்த மக்கையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு குழாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குளித்தாள்.

பழைய ஷவருக்கு ஆறுதலாகிவிட்டது. "பார்த்தியா? புதுசை ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்கலையே! ஏன்?"

மக் கொஞ்சம் தயங்கியது.

"தண்ணி வருதுண்ணே."